87 ஓட்டு: காட்டுமன்னார்கோவிலில் விடிந்த பிறகு

வீராணக்கரை | 20 மே 2016, காலை 5.42

ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்ச் சுவரில் மோதிரச் சின்னம் போட்ட சுவரொட்டி மழையில் ஊறி ஒரு பக்கம் உரிந்து தொங்குகிறது. ஒட்டியவள் நான்தான். மைதாப் பசையைக் காய்ச்சியவளும் நான்தான்.

சட்டமன்றத் தேர்தல் முடிவு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். அதிமுக முருகுமாறன் 48,450. விசிக தலைவர் தொல். திருமாவளவன் 48,363. 87 ஓட்டில் போய்விட்டது. அவர் பெயரிலேயே நின்ற ஒரு சுயேச்சைக்குக்கூட 87க்கு மேல் விழுந்திருக்கிறது. கடைசிச் சுற்று முடிந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவரைத் தூக்கிவிட எனக்குத் தெம்பில்லை, நானும் கூடவே உட்கார்ந்தேன்.

நான் விசிக கிடையாது. இடதுசாரி மாதர் அமைப்பில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் கட்சியும் விசிகவும் மக்கள் நலக் கூட்டணியில் ஒன்றாக நின்றதால் இந்தத் தொகுதிக்கு என்னைப் போட்டார்கள்.

ராத்திரி முழுக்க எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். "மக்கள் காசுக்கு ஓட்டை வித்துட்டாங்க, இவங்களுக்காகவா நாம உழைச்சோம்." காசு விளையாடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே தள்ளிவைக்கும் அளவுக்குப் போனது. ஆனால் இந்த ஒரு தொகுதியில் மட்டும் 48,363 பேர், இரண்டு பெரிய கட்சியில் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாத ஒரு சின்னத்தில் குத்தியிருக்கிறார்கள். மக்களைத் திட்டும்போது இவர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறோம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு.

மே முதல் வாரம், உச்சி வெயில். ஊர்த்தெருவில் ஓட்டுக் கேட்கப் போனோம். இந்தப் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பல ஊர்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு வாய்க்காலோ ரோடோ இருக்கும். காலனியில் எங்களுக்கு வேலையே இல்லை, அங்கே பிள்ளைகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். "ஊர்த்தெருவுக்கு நீங்க போங்கக்கா, உங்ககிட்ட பேசுவாங்க" என்று என்னை அனுப்பினார்கள். ஏன் என்னிடம் பேசுவார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸை நீட்டினேன். கையை நீட்டாமல் என் முகத்தைப் பார்த்தார். "நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், பதினோரு வருடமாகக் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அன்றைக்கு வாயில் வந்தது என் தாத்தா பேரும் அவர் ஊர்ப் பேரும். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம புள்ளையா நீ!" உள்ளே போய்ச் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். குடித்தேன். என்னோடு வந்த காலனிப் பையன் சைக்கிளைப் பிடித்தபடி ரோட்டிலேயே நின்றான். அவனுக்கும் ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாதியை ஒழிக்கச் சொல்லும் ஒருவருக்கு ஓட்டுக் கேட்க, என் சாதியைக் காட்டி ஒரு வீட்டுக்குள் போனேன். ராத்திரி முழுக்க அந்தச் சொம்புதான் கண்ணில் நின்றது.

திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதனால் எழுதினேன்.

---

கடலூர்க் கணக்கு | 20 மே, காலை 6.35

தோழர், முதலில் ஒரு டீ குடியுங்கள்.

எனக்குத் தெரிந்தது கணக்கு, அதையே சொல்கிறேன். 87 என்பது சாவடிக்கு ஒரு ஓட்டு கூட இல்லை. இன்னும் சரியாகச் சொன்னால், இலையில் குத்தியவர்களில் 44 பேர் மோதிரத்துக்கு மாறியிருந்தால் போதும். 48,406க்கு 48,407 என்று ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். ராதாபுரத்தில் திமுகவின் அப்பாவு 49 ஓட்டில் தோற்றிருக்கிறார். இந்த மாதிரி வித்தியாசத்துக்கு ஒற்றைக் காரணம் தேடிப் பிடிக்கவே முடியாது. மழை, பட்டியலில் விட்டுப்போன பெயர், திருப்பூருக்கு வேலைக்குப் போய்ப் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்ட பையன், எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் குடித்த மோரினால் தோற்கவில்லை.

ஆனால் மாநில அளவில் நடந்தது தற்செயல் இல்லை. தேமுதிக 104, மதிமுக 29, தமாகா 26, விசிக, சிபிஐ, சிபிஎம் தலா 25. ஆக 234. எல்லா இடத்திலும் நின்று எல்லா இடத்திலும் தோற்றோம். ஆறு கட்சிகளும் சேர்ந்து வாங்கியது சுமார் ஆறு சதவீதம். அதிமுக மட்டும் 40க்கு மேல். ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறையில், பரவலாக ஆறு சதவீதம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. காட்டுமன்னார்கோவிலில் நீங்கள் இரண்டாவது இடம் வந்ததே, அங்கே ஓட்டு பரவாமல் ஒரு இடத்தில் திரண்டு இருந்ததால்தான்.

---

தேர்வடம் | 20 மே, காலை 7.10

நான் திமுககாரன், திருவாரூர். கலைஞர் 13ஆவது முறையாக ஜெயித்த சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க முடியாத காலை இது. ஆகவே வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், குத்திக்காட்ட இல்லை.

உங்கள் தொகுதியில் எங்கள் கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் 37,346 வாங்கியிருக்கிறார். உங்கள் 48,363உடன் சேர்த்துப் பாருங்கள். மாநிலம் முழுக்க இரண்டு பெரிய அணிகளுக்கும் நடுவே இருந்தது ஒரு சதவீதம் சொச்சம். எங்கள் மீது உங்களுக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், 2ஜி முதல் ஈழம் வரை. ஆனால் நேற்று ராத்திரி போயஸ் தோட்டத்தில் வெடித்த பட்டாசில் உங்கள் கூட்டணிக்கும் பங்கு இருக்கிறது. "மாற்று" என்று சொல்லிவிட்டு இருப்பவரையே மறுபடி உட்கார வைத்தீர்கள். 1984க்கு அப்புறம் ஆளுங்கட்சி திரும்ப ஜெயித்தது இப்போதுதான்.

---

மில்கேட் | 20 மே, காலை 7.48

தேர்வடம் தம்பிக்கு: இரண்டு எண்ணைக் கூட்டினால் வருவது கூட்டல், ஓட்டு இல்லை. விசிக உங்களோடு வந்திருந்தால் அந்த 37 ஆயிரத்தில் எத்தனை பேர் அப்படியே இருந்திருப்பார்கள் என்று அந்தத் தோழர் எழுதியிருக்கும் ஊர்த்தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். 2011இல் உங்கள் அணியில்தான் விசிக இதே தொகுதியில் நின்றது, தோற்றது.

ஆனால் எங்கள் பக்கத்துத் தப்பை நான் மறைக்கப் போவதில்லை. எனக்கு 61 வயது. பஞ்சாலைத் தொழிலாளி, கோவை. 1952 முதல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் கம்யூனிஸ்ட் ஒருவராவது இல்லாமல் இருந்ததில்லை. போன சபையில் சிபிஎம்முக்குப் பத்து, சிபிஐக்கு ஒன்பது. இனி யாருமே இல்லை. பஞ்சப்படிக்கும் சம்பள பாக்கிக்கும் சபையில் எழுந்து கேட்க ஒரு குரல் இருந்தது, அது போய்விட்டது. நேற்று அதைக் கேட்டபோது வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது.

போன நவம்பரில் குறைந்தபட்ச செயல்திட்டம் என்று வெளியிட்டோமே, அதில் உயிர் இருந்தது. மதுவிலக்கு, ஊழல் ஒழிப்பு, கூட்டணி ஆட்சி என்று பேசினோம், ஆலை வாசலில் நின்று கேட்டார்கள். மார்ச்சில் விஜயகாந்தை முதல்வர் வேட்பாளராக அறிவித்ததும் எல்லாப் பேச்சும் அவரைப் பற்றியே ஆனது. அவர் பேச்சு புரிகிறதா, உடம்பு எப்படி இருக்கிறது, இதற்குப் பதில் சொல்லியே ஒன்றரை மாதம் ஓடியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போய் நிற்கிறார். முடிவு எடுத்தது நாம். பத்து சதவீதம் வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டோம், 2.4 வந்தது. கொள்கையை முன்னால் வைத்துத் தோற்றிருந்தால் இன்றைக்குக் கையில் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

வீராணக்கரைத் தோழருக்கு: அந்தப் பதில் தப்புத்தான். நானும் சொல்லியிருக்கிறேன், சங்கத் தேர்தலில். உங்களைப் போல இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

---

மலம்புழை | 20 மே, காலை 8.20

பாலக்காட்டுத் தமிழன். இங்கே நேற்று இடதுசாரி முன்னணிக்கு 140இல் 91. ராத்திரி முழுக்கச் செங்கொடி ஊர்வலம். உங்கள் பதிவைப் படித்ததும் பட்டாசுச் சத்தம் பிடிக்காமல் போய்விட்டது. அவ்வளவுதான் சொல்லத் தோன்றியது.

---

நீலக்கரை | 20 மே, காலை 9.05

அக்கா, நான் குமராட்சிப் பக்கம், காலனி. உங்களோடு வந்த பையன் நான் இல்லை. ஆனால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்ற பையன்களில் நானும் ஒருத்தன், வேறு ஊரில், வேறு அக்காவுக்காக.

கோபமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது கோபம் போகவில்லை, ஆனால் நீங்கள் எழுதியது நல்லது என்று பட்டது. அதனால் எனக்குத் தோன்றுவதை மறைக்காமல் சொல்கிறேன்.

இது தனித்தொகுதி. இலையில் நின்றவர், கையில் நின்றவர், எங்கள் தலைவர், எல்லாருமே எங்கள் சனம்தான். யார் ஜெயித்தாலும் சபைக்குப் போவது ஒரு தலித். அப்புறம் எதற்கு ஊர்த்தெருவுக்கு எங்கள் தலைவர் மேல் மட்டும் அவ்வளவு பயம்? எந்த தலித் போகலாம் என்று முடிவு பண்ணுகிற உரிமை அவர்களுக்கு வேண்டும், அதுதான் விஷயம். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அம்பேத்கர் பயந்தது இதற்குத்தான். தனி வாக்காளர் தொகுதி இருந்திருந்தால் எங்கள் ஆளை நாங்களே தேர்ந்தெடுத்திருப்போம். அதை விட்டுக்கொடுத்துத் தனித்தொகுதி வாங்கினோம். முதலில் எங்கள் ஓட்டை மட்டும் வைத்து நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், அப்புறம் பொதுவில் போட்டி என்றாவது ஒன்று இருந்தது. பத்து வருடத்தில் அதுவும் முடிந்துபோனது. இப்போது எங்கள் வேட்பாளரின் தலையெழுத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

2006இல் இதே தொகுதியில் எங்கள் கட்சி ஜெயித்தது. அப்போது அதிமுக கூட்டணி. ஊர்த்தெருவும் போட்டது. எங்களுக்காக இல்லை, ஜெயலலிதா அம்மாவுக்காக. இந்தத் தடவை நடுவில் யாரும் இல்லாமல் நேராகப் போய்க் கேட்டோம். அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்ததுதான் இந்த 48,363. நான் அதைத் தோல்வியாக மட்டும் பார்க்க மாட்டேன்.

இளையபெருமாள் ஐயா பிறந்த மண் இது. தீண்டாமை பற்றி நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து 1969இல் அறிக்கை கொடுத்தவர். அவர் ஊர்ப்பக்கமே இன்னும் வாய்க்காலைத் தாண்ட ஒரு ஆளோட பேத்தியாக இருக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் எனக்கு ஒன்றுதான் கேட்க இருக்கிறது. பதினோரு வருடம் சங்க வேலை என்றீர்களே, அதில் எத்தனை கூட்டம் காலனியில், எத்தனை ஊர்த்தெருவில்? சாதி கூடாது என்று எங்களுக்கு எதற்கக்கா வகுப்பு? அது எங்களுக்குத் தெரியும்.

---

வீராணக்கரை | 20 மே, காலை 11.30

நீலக்கரைத் தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். கூட்டம் நடத்திய இடம், தேதி எல்லாம் எழுதி வைப்பது என் பழக்கம். ஊர்த்தெருவில் நடத்தியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. அதிலும் பாதி சுய உதவிக் குழுக் கடன், கேஸ் மானியம். சாதியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஊர்த்தெருவில் அந்தப் பேச்சை எடுத்தால் அடுத்த தடவை வரவிட மாட்டார்கள் என்று பயம். வரவிட்டால் போதும் என்று அதைப் பேசாமலே பதினோரு வருடம் போயிருக்கிறது.

நவம்பரில் வெள்ளம் வந்தபோது குமராட்சிப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனோம். தண்ணீர் வடியும் வரை இரண்டு தெருவும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் தங்கியது. ஆனால் ஒரு வராந்தாவில் இவர்கள், இன்னொரு வராந்தாவில் அவர்கள். பொட்டலத்தை இரண்டு பக்கமும் சரிசமமாகக் கொடுத்தோம், அதில் எங்களுக்குப் பெருமை. நடுவில் இருந்த அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாவு வீட்டில் சண்டை எதற்கு என்று நினைத்தோம். இப்போது நினைத்தால் அதைவிட நல்ல நேரம் எது இருந்திருக்கும்?

கணக்குத் தோழர், அந்த 44. நீங்கள் யோசித்து எழுதினீர்களா தெரியாது. ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் வெண்மணிக்குப் போகிறவள் நான். 1968இல் அங்கே எரித்துக் கொல்லப்பட்ட தலித் கூலிக்காரர்கள் 44 பேர். நினைவுத்தூணுக்கு முன்னால் நின்று எண்ணுகிற எண் அது. காலையில் அதைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

தேர்வடம், உங்கள் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை, இன்றைக்குச் சொல்லும் நிலையில் இல்லை.

---

கடலூர்க் கணக்கு | 20 மே, பகல் 12.02

யோசிக்கவில்லை தோழர். கணக்கில் வந்தது. மன்னித்துவிடுங்கள்.

---

தேர்வடம் | 20 மே, பகல் 12.40

நீலக்கரை எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கூட்டல் கணக்கைப் பற்றி நான் சொன்னதில் இருந்து பின்வாங்கவில்லை. ஆனால் எங்கள் ஊரிலும் வாய்க்கால் இருக்கிறது. எங்கள் கிளைச் செயலாளர் வீட்டில் காலனி ஆட்களுக்குத் தனி டம்ளர் போய் டிஸ்போசபிள் கப் வந்திருக்கிறது. எல்லாருக்கும் அதில்தான் தருகிறார், அதனால் யாரும் கேட்க முடியாது. பெரியார் படம் சுவரில் இருக்கிறது. இதை நானும் இதுவரை எழுதியதில்லை.

---

வீராணக்கரை | 23 மே, இரவு 9.15

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. சனிக்கிழமை அந்த ஊருக்குத் திரும்பப் போனேன், இந்தத் தடவை தனியாக. நோட்டீஸ் இல்லை, கொடி இல்லை.

உளுந்து அம்மா என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "நான் அதுல போடலம்மா. உன்கிட்ட பொய் சொல்ல மனசு வரல." சரிம்மா, அதுக்கு வரல என்றேன். அப்புறம் அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று சொன்னேன். தாத்தா பேரைச் சொன்னது பொய் இல்லை, ஆனால் அதைச் சொல்லி மோர் வாங்கிக் குடித்தது தப்பு, என் கூட வந்த பிள்ளை தாகத்தோடு நின்றான் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை, குரல் நடுங்கியது.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். கோபமா, யோசனையா, தெரியவில்லை. அப்புறம், "அந்தப் புள்ள யாரு மவன்?" என்று கேட்டார். அது வேறு மாதிரி கேள்வியாக எனக்குப் பட்டது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பையனின் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டினார். வருடா வருடம் உள்தாள் ஒட்டி ஒட்டிக் கார்டு தலையணை மாதிரி ஆகியிருக்கிறது. பேத்தி பெயரைச் சேர்க்க இரண்டு வருடமாக அலைகிறாராம். இன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன். காலனியில் இருந்து இரண்டு பெண்களுக்கும் அதே வேலை இருந்தது, அவர்களையும் வரச் சொல்லியிருந்தேன். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது, ஆனால் வந்தார்.

எதிர் டீக்கடை டிவியில் ஜெயலலிதா பதவியேற்பு ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாளே ஐந்து கையெழுத்து. கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, 100 யூனிட் மின்சாரம் இலவசம், 500 டாஸ்மாக் கடை மூடல். உளுந்து அம்மா, "பாத்தியா, நான் போட்டது வீண் போகல" என்றார். அவர் வீட்டுக்குக் கடன் இருக்கிறது, அவர் சொன்னது அவருக்குச் சரி. எனக்கு வாயை மூடிக்கொண்டு கேட்க முடிந்தது, ஒரு மாதம் முன்னால் முடிந்திருக்காது. ஆனால் அந்த 500 கடையைப் பற்றி மட்டும் சொன்னேன். மதுக்கடையை மூடச் சொல்லி மார்த்தாண்டம் பக்கத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் ஐயா உயிரைவிட்டு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கடை வாசலில் உட்கார்ந்து அடிபட்ட பெண்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆறாயிரத்துக்கு மேல் கடை இருக்கும்போது 500 போதாது, ஆனால் அந்தக் கையெழுத்து தானாக வந்துவிடவில்லை. காலனிப் பெண் ஒருத்தி, "எங்க தெருமுக்குக் கடைய எப்ப மூடுவாங்க?" என்று கேட்டாள். அதே கடையில்தான் தன் மகனும் குடிக்கிறான் என்றார் உளுந்து அம்மா. அந்த இருவரும் நேராகப் பேசிக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். மூன்று மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று பேருக்கும் வேலை முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ் நகலோடு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நீலக்கரைத் தம்பி, உங்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை என்றால் காலை பத்து மணிக்கு அங்கே வாருங்கள். மனு எழுத இன்னொரு கை வேண்டும்.

---

நீலக்கரை | 23 மே, இரவு 9.50

வரேன்கா. பேனா நான் கொண்டு வரேன், ஜெராக்ஸ் கடை எதிரிலேயே இருக்கிறது.